அவள் கண்ணுக்கு ஏற்ற தூரம்

ஆகஸ்ட் 17

நாள் முழுக்க மழை. டப்பா மீன் உருண்டையைச் சூடாக்கித் தின்றேன், பாதி நாய்க்கு. இன்று நாயைத் தவிர யாரிடமும் பேசவில்லை. அதனிடமும் "நகரு" என்று ஒரே வார்த்தைதான்.

ஆகஸ்ட் 19

டோர்டிஸிடமிருந்து செய்தி. விவாகரத்து ஆனதிலிருந்து அவள் எனக்கு எழுதுவதெல்லாம் வேட்டை பற்றித்தான். அவள் காடும் என் காடும் ஒரே வேட்டைக் குழுவில் இருக்கின்றன. வக்கீல்களுக்கு அதை மட்டும் பிரிக்கத் தெரியவில்லை.

புது ஸ்கோப் வாங்கியிருக்கிறாளாம், குறி பார்க்கிற தொலைநோக்கி. "என் துப்பாக்கியில மாட்டித் தர்றியா? உன்கிட்டதானே இருக்கு."

இருக்கிறது. இரும்புப் பெட்டிக்குள் என்னுடையதற்குப் பக்கத்தில் நிற்கிறது. சோபா, தையல் மெஷின், அவள் அம்மாவின் கடிகாரம் எல்லாம் கோல் நகரத்து ஃபிளாட்டுக்குப் போய்விட்டன. இந்த வீட்டில் அவளுடையது என்று மிச்சம் இருப்பது இந்தத் துப்பாக்கிதான்.

"நீ வரணும். உன் கண் இல்லாம மாட்ட முடியாது" என்று பதில் போட்டேன்.

பொய்யில்லை. துப்பாக்கிக் கட்டையில் ஆள் கன்னத்தை வைத்து, ஸ்கோப் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் பூட்ட வேண்டும். ஆனால் டோர்டிஸின் கண் எங்கே நிற்கும் என்று எனக்கு மனப்பாடம். அவள் இல்லாமலே மாட்டிவிடுவேன். அதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 23

அடுத்த சனிக்கிழமை வருகிறாள். ஜன்னல்களைத் துடைத்தேன். எதற்கு? அவள் வருவது ஸ்கோப்புக்கு, கிழவா.

ஆகஸ்ட் 29

ஸ்கோப்பை நேற்றே கடையிலிருந்து நேராக இங்கே அனுப்ப வைத்திருந்தாள். அதைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையங்களைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு எடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக் கோட்டை அதோடு நேர் பார்த்தேன். முன்பெல்லாம் நான் திருப்ப, அவள் பின்னால் நின்று "சாய்ஞ்சிருக்கு", "இப்போ சரி" என்பாள். நூல் எதுவும் சொல்வதில்லை.

அவள் கண்ணுக்கு ஏற்ற தூரத்தில் வைத்துத் திருகுகளை லேசாகப் பிடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அவள் கன்னம் வைத்தவுடனே வட்டம் முழுசாகத் தெரியப்போகிறது. ஆச்சரியப்படட்டும். வாஃபிளுக்கு ஏலக்காய் போட்டு மாவு கரைத்தாயிற்று.

ஆகஸ்ட் 30

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.

"எப்போலேருந்து?"

"பனிக்காலத்துலேருந்து. அதனாலதானே புது ஸ்கோப்."

எனக்கு யார் சொன்னார்கள்? யார் சொல்வார்கள்?

கன்னத்தை வைத்தாள். "சுத்திக் கருப்பா இருக்கு."

"சரியா வை."

"சரியாத்தான் வெச்சிருக்கேன் ஹால்வார். கண்ணாடியில இடிக்கக் கூடாதுன்னு இப்பல்லாம் தலையைக் கொஞ்சம் பின்னால வெச்சுக்கறேன். நீ என்ன, பழைய அளவுல மாட்டிட்டியா?"

தளர்த்தினேன். அவள் பார்க்க, நான் அவள் பக்கமாக நகர்த்தினேன். "இன்னும். இன்னும் கொஞ்சம். ஆ, நிறுத்து." அந்த நிமிஷம் நன்றாக இருந்தது. அதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

திருகை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் சொன்னாள்: "நானும் ஒரு இரும்புப் பெட்டி வாங்கிட்டேன். துப்பாக்கியை இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன். உனக்கும் இடம் மிச்சம்."

இடம் மிச்சமாம்.

ரெஞ்சை இரண்டில் வைக்க வேண்டும். அந்த இறுக்கம் வந்ததும் "டிக்" என்று சொல்லும், அதற்கு மேல் முறுக்கக் கூடாது. நான் ஒன்றில் வைத்தேன். ஒவ்வொரு திருகுக்கும் டிக், டிக். அதற்கென்ன, எந்த எண்ணில் வைத்தாலும் ஒத்துக்கொள்ளும். அவள் பக்கத்திலேயே நின்று பழுப்புச் சீஸ் வைத்து வாஃபிள் தின்றுகொண்டிருந்தாள். "நல்லா வந்திருக்கு" என்றாள்.

சுட்டால் ஸ்கோப் நகரும், குறி தப்பும். அவள் திரும்ப வருவாள். அவ்வளவுதான் நினைத்தேன். என்னடா பண்ணித் தொலைச்சே நீ.

செப்டம்பர் 3

செய்தி இல்லை.

செப்டம்பர் 7

குழுத் தலைவன் எம்ப்ரிக் கூப்பிட்டான். "யோவ், டோர்டிஸ் இந்த வருஷமும் உனக்குப் பக்கத்து இடம்தான், குளத்தோரமா. அடிச்சுக்க மாட்டீங்களே?"

"எல்க் மானைத்தான் அடிப்போம்" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் யாரோ தாடையில் சுட்டுவிட்ட ஒரு பெண் எல்க்கை நானும் அவளும் இருட்டும் வரை தேடினோம். கிடைக்கவே இல்லை. ரத்தம் மட்டும் பாசியில் அங்கங்கே. அன்றைக்கு வழியெல்லாம் அழுதாள். அவள் கையால் அப்படி ஒன்று நடக்கட்டும் என்றா விட்டு வைத்திருக்கிறேன்?

ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறாள்? சுட்டுப் பார்க்கவே இல்லையா?

செப்டம்பர் 13

இன்று அவளுக்குச் சுடும் தேர்வு. அதில் தேறினால்தான் இந்த வருஷம் காட்டுக்குள் விடுவார்கள். ரெஞ்சை எடுத்துக்கொண்டு சுடும் மைதானத்துத் திருப்பம் வரை ஓட்டினேன். வரிசையாகக் கார்கள். எல்லார் முன்னாலும் என்னவென்று சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். கோழை.

செப்டம்பர் 14

போனேன். அவள் ஃபிளாட்டுக்குள் நுழைவது இதுவே முதல் தடவை. கடிகாரம் சமையலறையில் மாட்டியிருக்கிறது. ரெஞ்சை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

"ரெண்டுல வெச்சு முறுக்கணும். நான் ஒண்ணுல வெச்சேன். தெரிஞ்சேதான்."

அவள் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே புத்தம் புதுசாக ஒரு டார்க் ரெஞ்ச்.

"மறுநாளே சுட்டுப் பார்த்தேன். மூணு குண்டும் மூணு பக்கம் போச்சு. இந்த மாதிரி வேலையில உனக்குத் தப்பு வராது. அப்போ நீ வேணும்னே பண்ணியிருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. இதை வாங்கி நானே முறுக்கிட்டேன். நேத்துத் தேர்வுல அஞ்சு குண்டும் உள்ளே."

"ஏன் கூப்பிட்டுத் திட்டலை?"

"நீயா வந்து சொல்றியான்னு பார்த்தேன். இன்னும் ஒரு வாரம் பார்த்துட்டு எம்ப்ரிக்கிட்ட சொல்லிக் குழுவை விட்டே போயிருப்பேன்." உட்கார்ந்தாள். கோபத்தில் அவள் காது சிவந்துவிடும், அது மாறவில்லை. "ஒரு மிருகம் ஹால்வார். நாள் முழுக்கத் துடிச்சிருக்கும். என்னைத் திரும்ப வரவழைக்கவா இது?"

தலையாட்டினேன். தரையைப் பார்த்தபடியே, வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்றேன். இரண்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்து காபி ஊற்றி வைத்தாள். "குடிச்சிட்டுப் போ. ஆனா இனிமே காரணம் கண்டுபிடிச்சு என்னை வரவழைக்காதே. வரணும்னா நானே வருவேன்."

"வருவியா?"

என்னை நேராகப் பார்த்தாள். "மாட்டேன்" என்றாள்.

காபியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

செப்டம்பர் 20

விறகு பிளந்தேன்.

செப்டம்பர் 25

முதல் நாள் வேட்டை. காலையில் பனிமூட்டம், பிறகு நல்ல வெயில். நாய் மேட்டுப் பக்கம் குரைத்தது. குளத்தோரத்திலிருந்து ஒரே ஒரு வெடி. இரண்டாவதற்காகக் காத்திருந்தேன், கேட்கவில்லை.

வாக்கி டாக்கியில் அவள் குரல்: "விழுந்துடுச்சு. நின்ன இடத்துலயே."

"சபாஷ்" என்றான் எம்ப்ரிக். "ஹால்வார், நீதான் பக்கத்துல இருக்கே. போய்க் கை கொடு."

போனேன். இளம் ஆண் எல்க். குண்டு நுரையீரலைத் துளைத்திருந்தது. துடித்த தடமே இல்லை. நான் பின்னங்காலைத் தூக்கிப் பிடித்தேன், அவள் வயிற்றைக் கீறினாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடல் வெளியே வந்த பிறகும் காலைப் பிடித்தபடியே நின்றிருந்தேன் போல.

"போதும் ஹால்வார்" என்றாள், நல்லபடியாகவே. "மீதியை நான் பார்த்துக்கறேன்."

விட்டேன். என் இடத்துக்கு நடந்து போனேன்.

வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். எப்போதும் போல இடது ஓரத்தில், வலது பக்கம் அவளுடையதற்கு விட்டு. பிறகு திரும்பத் திறந்து, அதை எடுத்து நடுவில் நிறுத்தினேன்.