கட்டில் காலில் தேய்ந்த இடம்

இன்று காலை உங்க இரும்புக் கட்டிலுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தான். தலைமாட்டுக் காலைத் தடவிவிட்டு, "இன்னா ஆயா, இங்க மட்டும் இப்படித் தேஞ்சிருக்கு?" என்றான்.

"அதுல கைய வெக்காத. மத்ததை அடி" என்றேன்.

மில்லில் தறிச் சத்தம் உங்க காதைத் தின்ற பிறகு வந்த தேய்மானம் அது. அங்கேதான் கரண்டியால் தட்டுவேன். அதிர்வு முதுகில் பட்டதும் கையைத் தூக்குவீங்க. தூக்கும்வரை தட்டுவேன், பிறகுதான் காதருகே சேதி. உங்க தங்கச்சி ஒருநாள், "எங்க அண்ணன் இன்னா சாமியா, மணியடிச்சி எழுப்புற?" என்றாள். என் முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னாள். நான் மறக்கவில்லை.

நம்ம பேத்தி செல்வி இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் அழுதுகொண்டு வந்தது நினைவிருக்கா? "மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற, புரிஞ்சிட்டு அடுத்த வாரம் வா" என்று வாத்தியார் அவள் புராஜெக்டைத் திருப்பிவிட்டார். மறுபடி தவறினால் கிடைத்த வேலையும் போகும். நகமளவு சிப்புக்குள் பல பகுதிகளாம். அவை பேசிக்கொள்ளும் வழிக்குப் பேர் பஸ்ஸாம். உங்க காதில் கத்திச் சொன்னாள். "அந்த பஸ் உப்பளம் போவுமா?" என்று கேட்டீங்க. அழுதவள் சிரித்துவிட்டாள்.

கரண்ட்டை மிச்சம் பிடிக்கச் சில பகுதிகள் தூங்குமாம். பேசும் முன்னே எழுப்புகிற சிக்னலைத் தூக்கணுமாம். "எதிராளி ஏத்துக்கிற வரைக்கும் அதை ஏன் எறக்கக் கூடாதுன்னுதான் புரியல ஆயா" என்றாள். அதற்குள் நீங்க கண்ணயர்ந்தாச்சு. சோறு ஆறுதே என்று நான் தட்ட ஆரம்பித்தேன். செல்வி கரண்டியையே பார்த்தாள்.

"நடுவுல நிறுத்திட்டா?"

"தாத்தா தூங்கினே இருப்பாரு. நான் சொவத்துகிட்ட பேசணும்."

நோட்டை எடுத்தாள்.

அடுத்து அவள் தடுமாறியது கோஹெரன்சி என்பதில். ஒரே சேதியின் நகல் பலரிடம் இருந்தால், ஒருத்தர் மாற்றியது மற்றவருக்கும் தெரியணும். ஒரு பகுதி தூங்கப் போகுமுன் விலகுகிறேன் என்று சொல்லி, சரி என்ற பதிலுக்குக் காத்திருக்கணுமாம். இதில் என்னிடம் ஒரு பழைய வழக்கு இருந்தது. நீங்க சொல்லாமல் மீன் வாங்கப் போன அன்று உங்க தங்கச்சி வந்து, அண்ணன் எங்கே என்று கேட்டாள். "உள்ள தூங்குறார்" என்றேன். தெருவிலிருந்து பையோடு வந்து நின்னீங்க. "புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியல இவளுக்கு" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

செல்வி குதித்தாள். "உங்கிட்ட இருந்தது பழைய நகல் ஆயா! தாத்தா போயிட்டு வரேன்னு சொல்லணும், நீ போயிட்டு வாங்கன்னு சொல்லணும். ரெண்டும் ஆனாத்தான் போனதா அர்த்தம்." அன்றிலிருந்து வாசல்படியில் என் பதிலுக்காக நின்னீங்க.

அடுத்த வாரம் வாத்தியார் முன்னே நம் கரண்டியைச் சொல்லித்தான் விளக்கினாள். வேலையும் நிலைத்தது. நேராக உங்க தங்கச்சி வீட்டுக்குப் போனேன். "நான் அடிச்ச மணிதான் சிப்புக்குள்ளயும் அடிக்குதாம்" என்று சொல்லி, தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பினேன். கூட வந்து தெருமுனையிலேயே நின்று நீங்க சிரித்த சிரிப்பு!

கதிர்காமம் ஆஸ்பத்திரியில், நான் வெந்நீர் வாங்கி வருவதற்குள் போயிட்டீங்க. நீங்க சொல்லவில்லை; நானும் பதில் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். நம்ம பேத்தி சொன்ன விதிப்படி நீங்க போனதாகாது.

உங்க தங்கச்சி வந்து கேட்கட்டும். உள்ள தூங்குறார் என்றுதான் சொல்வேன்.