ஐந்தாம் ஃபாரத்தில் ஃபெயிலானவன்

நண்பா, மாட்சிமை பொருந்திய டெக்சாஸ் வானத்தின் கீழ் நின்று சத்தியம் செய்கிறேன்: இப்போது நான் சொல்லப்போவதை ஒரு ஈ காக்கைகூட நம்பாது.

இன்று காலை நம்ம ரவுண்ட் ராக் ஊரில் ஒரு கடையில் காபி மேல் ஜாதிக்காய்த் தூள் தூவிக் கொடுத்தார்கள். ஒரு வாய்தான் குடித்தேன். நீ முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த, ஜாதிக்காய் விளையும் கரீபியன் தீவு முழுசும் கிளம்பி வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொண்டது.

உன் பள்ளிக்கூடத்தை நான் ஊரெல்லாம் பெருக்கிச் சொல்லியிருக்கிறேன். அங்கே மணி அடித்தால் கடல் இரண்டடி பின்வாங்கும் என்றேன். வகுப்புக்கு அங்கே ஃபாரம் என்று பேர். முதல் ஃபாரத்திலேயே ஸ்பானிஷ், விவசாயம், மரவேலை, சமையல் என்று நாற்பது பாடம். மூன்றாம் ஃபாரம் முடிவில் வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். ஐந்தாம் ஃபாரத்தில் பெரிய பரீட்சை. தேறியவர்களிலும் சிலருக்குத்தான் ஆறாம் ஃபாரம்.

மகளோடு இருக்க நீ இங்கே வந்த மறு வருடமே புற்றுநோயும் வந்தது. உன்னைக் கீமோவுக்குக் காரில் கூட்டிப்போவது என் வேலை. மருந்து சொட்டும் நாலு மணி நேரமும் உனக்குப் பொழுது போகாது. பாலம் கட்டி ரிட்டயரான என்னைப் பிடித்து முதல் ஃபாரத்தில் சேர்த்தாய். ஒரு கீமோவுக்கு ஒரு ஃபாரம். மூன்றாவது முறை, "எல்லாத்தையும் தூக்கிட்டுப் போக முடியாதுடா, எதையாவது விடு" என்றாய். நான் ஸ்பானிஷை விட்டேன். நீ எதை விட்டாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஐந்தாவது முறை டாக்டர் வந்து, மருந்து கேட்கவில்லை, இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவர் போனதும் நீ கேள்வித்தாளை நீட்டினாய். பத்துக் கணக்கு. எழுதிக் கொடுத்தேன். பத்தும் தப்பு.

"என்னடா இது, ஏழும் அஞ்சும் பதினாலா? வேணும்னே எழுதியிருக்கே."

"ஃபெயிலானா திரும்ப எழுதலாம்ல, சார்?"

"ஜனவரிலதான். அதுவரைக்கும் என்னைப் பிடிச்சு வெக்கப் பாக்கறியா, ஃப்ராடு?"

"ஆமா."

நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாய். அப்புறம் என் கையைப் பிடித்தவன் ரொம்ப நேரம் விடவில்லை.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டாய். ஜனவரியில் நான் தனியாக உட்கார்ந்து அதே தாளை எழுதினேன். ஒன்பதுதான் சரியாக வந்தது.

கடல் பின்வாங்கியதெல்லாம் என் சரக்கு. பத்தையும் வேண்டுமென்றே தப்பாகப் போட்டேன் என்று உன் மகளிடம் பீற்றிக்கொண்டதும் அப்படித்தான். ஒரே ஒரு தப்பு மட்டும் நிஜம். எட்டாவது கணக்கு எனக்கு அன்றைக்கே தெரியாது. கேட்டிருந்தால் சொல்லித் தந்திருப்பாய். நான் உன்னைச் சிரிக்க வைப்பதிலேயே இருந்துவிட்டேன்.