ரெக்ஸின் கொடி

மார்ச் 4, திங்கள்

விசில் ஏந்திய மகாராணிக்கு, என் வாண்டுவுக்கு, உன் தாய்மாமன் கொதிக்கக் கொதிக்க எழுதுவது.

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறேன்.

நம் ஊர்க் கல்லூரி ஹாக்கி அணிக்காக இந்த சீசன் முழுக்க ஒரு வேன் நிறைய ஆட்கள் மைதானம் மைதானமாக அலைந்தோம். முன்னால் போனது நான் தைத்த கொடி. கார் சீட்டுக்கு வந்த ரெக்ஸினில் மிச்சம் பிடித்துத் தைத்தது; காற்றுக்கே அதை அசைக்க தைரியம் வராது, நாலு பேர் பிடித்து உலுக்க வேண்டும். ஒரு மைதானத்தில் நாங்கள் போட்ட சத்தத்தில் எதிரணி கோல்கீப்பரின் மீசை உதிர்ந்தது. இன்னொன்றில் பெய்ய வந்த மழை எங்களைப் பார்த்துவிட்டு மேலேயே திரும்பிப் போனது.

அப்படி வந்து சேர்ந்த அரையிறுதி. ஒரு கோல் பின்தங்கியிருக்கிறோம். கடைசி நிமிடம். நம் நெட்டையன் பந்தோடு ஓடுகிறான். ஓடிய வேகத்தில் புல் கருகியது. தடுக்க வந்த மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். பந்து அவன் ஷூவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் பாய்ந்து, வலையைக் கிழித்து, அடுத்த தெரு மளிகைக் கடைக்குள் போய்த்தான் நின்றது.

அப்போது ஒரு விசில். நோஞ்சான் விசில். கோல் இல்லையாம். ஊதியது யார்? என் அக்கா பெற்ற மகள். முதல் வருஷ அம்பயர்.

எங்கள் வேன் கூட்டத்துத் தலைவர் பல் டாக்டர் கோபத்தில் சொந்தப் பல்லையே கடித்து உடைத்துக்கொண்டார். ஹாக்கி சங்கத்துக்குப் புகார் போய்விட்டது. சனிக்கிழமை விசாரணை. விசிலைப் பிடுங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. அதற்குள் "தப்பா ஊதிட்டேன்" என்று நீயே எழுதிக் கொடுத்துவிடு. ஆட்டத்தை மறுபடி வைப்பார்கள், உன்னையும் மன்னிப்பார்கள். நான் பேசி வைத்திருக்கிறேன்.

மானம் கப்பலேறிய,
உன் மாமன்


மார்ச் 5

மாமாவுக்கு,

நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

"அம்பயருக்கு யாராவது கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்று மைக்கில் முதலில் கத்தியது யார் என்று எனக்குத் தெரியாதா? அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதற்கப்புறம்தான் மைதானமே கத்தியது. ஒரு தண்ணீர் பாட்டில் தோளில் வந்து விழுந்தது. வெளியே வந்தால், ஸ்கூட்டர் சீட்டை நீளவாக்கில் கிழித்து ஸ்பாஞ்சைப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள். அதிலேதான் உட்கார்ந்து வேலைக்குப் போகிறேன். லேபில் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் என் உடையில் ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்பாஞ்சுத் தூளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் வழக்கமான புளுகு. ஆனால் பந்து ஷூவுக்கு முத்தம் கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்க வந்தவன் காலில் பந்து பட்டால் கோல் கிடையாது. அதற்குத்தான் ஊதினேன். இன்னொரு அம்பயர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தார், அவருக்குத் தெரிந்திருக்காது. நீங்களோ வலைக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

பட்டதா, இல்லையா? அதை மட்டும் சனிக்கிழமை வந்து சொல்லுங்கள். இந்தப் புகார் உண்மை என்று முடிவாகிவிட்டால் இனி எந்த ஆட்டத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

வாண்டு என்று இனி எழுத வேண்டாம்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 6

என் வா... சரி, எழுதவில்லை.

மாமனையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையா? என் கண்ணின் லட்சணம் உனக்குத் தெரியாது. ஊசியில் நூல் கோக்கவே பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிடுகிறேன். அன்றைக்கு வெயில் வேறு, வானத்தில் பத்துச் சூரியன். கொடி வேறு முகத்தை மறைத்தது.

ஒன்று மட்டும் யோசி. அந்த வேனில் எனக்கு முன் சீட். உன் அத்தை போன பிறகு, "மாமா வரட்டும், வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்ல இருக்கிறது அந்த வேன் மட்டும்தான். அதில் உட்கார்ந்துகொண்டு நம் கோல் கோலே இல்லை என்று நான் சொன்னால், ஓடுகிற வண்டியிலிருந்தே உருட்டிவிடுவார்கள்.

ஸ்கூட்டரைக் கடைக்குக் கொண்டு வா. சிம்மாசனம் மாதிரி சீட் தைத்துத் தருகிறேன். பேச்சை இத்தோடு விடு.

மாமன்


மார்ச் 7

மாமாவுக்கு,

முத்தத்தைப் பார்த்த கண்ணுக்கு இப்போது பத்துச் சூரியனா?

சீட் அப்படியே இருக்கட்டும். கேட்கிறவர்களிடம், "எங்க மாமா சீட் தைக்கிறவருதான்" என்று சொல்லிக்கொள்கிறேன்.

இனி எழுத வேண்டாம்.


மார்ச் 10, ஞாயிறு

எழுதாதே என்றவளுக்கு எழுதுகிறேன்.

நேற்று உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே நடந்ததை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எழுந்து நின்று, "பந்து கால்ல பட்டுச்சுங்க. நான் பார்த்தேன்" என்றேன்.

சிரித்தார்கள். சங்கச் செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பல் டாக்டர் சொன்னார்: "போன வருஷம் நம்ம கோல்கீப்பர் பந்தைப் பல்லால புடிச்சான், நான்தான் இடுக்கி போட்டு எடுத்தேன்னு சொல்லித் திரிஞ்ச ஆளுங்க இவரு. மாமா, நல்லாருக்கு, இன்னொண்ணு எடுத்து விடுங்க."

மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு உவமை சொல்லத் தெரியவில்லை. எனக்கே. மேசையில் ஓங்கி அடித்தேன். "அந்தப் பொண்ணு வண்டி சீட்டைக் கிழிச்சது யாருன்னும் சொல்லட்டுமா?"

சிரிப்பு நின்றது. செயலாளர் "யாரு?" என்றார். டாக்டரைக் கை நீட்டிக் காட்டினேன். வேனில் அவர் அதைச் சொல்லிச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அதையும் சொன்னேன்.

எழுதிக்கொண்டார்கள். நம்பினார்களா தெரியவில்லை. முடிவு அடுத்த வாரமாம். வேன் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தேன். கடை வாசலில் கொடியைச் சுருட்டி எறிந்திருந்தார்கள்.

அதை வெட்டிவிட்டேன். உன் ஸ்கூட்டர் சீட் அளவு எனக்கு மனப்பாடம். இரட்டைத் தையல். உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன். மாட்டுவதும் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம்.

புல் கருகவில்லை. மழை திரும்பிப் போகவில்லை. மளிகைக் கடைக்குள் பந்து போகவில்லை. டாக்டருக்குப் பல் முப்பத்திரண்டும் திடமாக இருக்கிறது.

அந்த முத்தம் மட்டும் நிஜம்.

மாமா