கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர்

அக். 7, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தாம்பரத்தில் பஸ் ஏறி முடிச்சூர் தாண்டும்வரை நின்றேதான் வந்தேன். படப்பைக்குள் டிராஃபிக்.

ஆயுத பூஜைக்குப் பிறகு இன்றுதான் பட்டறையில் ஒயர்கட் மெஷினைப் போட்டார்கள். கம்பியால் இரும்பை அறுக்கிற அந்தக் கிழம் நலம். அதை ஓட்டுகிற பழைய கம்ப்யூட்டர்தான் காலி. மதர்போர்டு போச்சு. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. பெட்டியின் நெற்றியில் பூஜைக் குங்குமம் அப்படியே.

முதலாளி சாரிடம் நானே வாயைக் கொடுத்தேன். புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய விண்டோஸ் எக்ஸ்பியை ஓட்டலாம், அதற்கென்று சாஃப்ட்வேர் இருக்கிறது என்று. கம்ப்யூட்டர் வேலைக்கு இங்கே நான் ஒருத்திதானே.

"தீபாவளி வரைக்கும் பாரு ஜெனி. ஓடலைன்னா மெஷினை எடைக்குப் போட்டுடலாம். புதுசுக்குக் கம்பெனிக்காரனே ஆள் அனுப்புறான்."

கதிர் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். இருபத்திரண்டு வருஷமாக அவர் தொட்டது இந்த ஒரு மெஷினைத்தான். வேறெதுவும் தெரியாது.

"இன்னா பாப்பா, பொட்டிக்குள்ள பொட்டியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக். 9, வியாழன்

சாஃப்ட்வேர் மூன்று. பெயரெல்லாம் எழுதப் பொறுமை இல்லை. அ, ஆ, இ.

அ: இலவசம். எக்ஸ்பியை ஏற்கும். மவுஸ் உள்ளே போனால் வெளியே வர அடம்.

ஆ: பார்க்க நன்றாக இருக்கிறது. இறக்குவதற்கு முன் ஜாதகத்தைத் தவிர எல்லாம் கேட்கிறது. மூன்று ஃபாரம் நிரப்பியும் கைக்கு வரவில்லை.

இ: விண்டோஸோடு கூடவே வருவது. பின்னால் எதை மாட்டினாலும் உள்ளே தெரியாது. மெஷின் கேபிளே தெரியாத பெட்டி எதற்கு?

இ-யை ஆன் செய்து வைத்தால் அ ஓட மறுக்கிறது. இதைக் கண்டுபிடிக்கவே அரை நாள். சகுனமே சரியில்லை.

அம்மா சொன்ன கொத்தமல்லி மறந்துவிட்டது.

அக். 11, சனி

இ-யை அணைத்தேன். ஆ-வைக் கைவிட்டேன். அ-தான். வேறு வழியில்லாமல் வருகிற முடிவுக்குத் தேர்வு என்று பெயர்.

டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து உள்ளே போட்டால் நீலத் திரை வந்து செத்துவிடுகிறது. செட்டிங்கை மாற்றினால் மறுபடி நீலத் திரை. ஏழு முறை. ஒவ்வொரு முறையும் அண்ணன் பின்னால் வந்து நிற்கிறார்.

"உயிரு கீதா?"

"இருக்குண்ணா." பொய்.

ஓடாத மெஷினுக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைக்கிறார். பார்க்க முடியவில்லை.

அக். 13, திங்கள்

திறந்தது! பதினொன்றரை மணிக்கு.

பழைய திரையில் அண்ணன் மகள் மொட்டைத் தலையோடு, காது குத்தின அன்று எடுத்த படம். அந்தப் பெண் இப்போது காலேஜ் மூன்றாம் வருஷம். அண்ணன் திரையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் போண்டா வாங்கி வந்தார். எனக்கு இரண்டு.

சாப்பிட்டுக்கொண்டே கட்டிங் புரோகிராமைத் திறந்தேன். சாவி இல்லை என்றது.

"சாவியா? பின்னாடி கீது பாப்பா. பிரின்டர் மாட்ற எடத்துல, நெருப்புப் பொட்டி சைஸுல ஒண்ணு. அது இருந்தாதான் புரோகிராம் தொறக்கும்னு மெஷினு வந்தன்னிக்கே சொன்னாங்க."

போண்டாவைக் கீழே வைத்தேன்.

பூஜைக்கு முதல் நாள் சுத்தம் செய்வது என் பங்கு. சந்தனம் குங்குமம் அண்ணன் பங்கு. எல்லா வருஷமும் அப்படித்தான். இந்த வருஷம் அந்தச் சாவியை நான்தான் கழற்றினேன். பிரின்டரே இல்லை, இது எதற்கு என்று குப்பைச் சாக்கில் போட்டேன். சாக்கை அன்று சாயந்திரமே பின்பக்கம் கொளுத்திவிட்டார்கள்.

"தேடிப் பாக்கலாம்ணா" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

அக். 14, செவ்வாய்

புரோகிராம் விற்றவர்களின் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்த வகைச் சாவியே இப்போது யாரும் செய்வதில்லை என்று வேறொருவர் சொன்னார், ரொம்ப மரியாதையாக. அ, ஆ, இ மூன்றும் சேர்ந்து வந்தாலும் எரிந்துபோனதை உள்ளே காட்ட முடியாது.

அண்ணன் டார்ச்சோடு மேஜைக்கு அடியில். இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டார். நானும் குனிந்து தேடினேன். தேடுவதுபோல.

அக். 15, புதன்

அண்ணன் தானாகவே சாரிடம் போனார். இரண்டடி தள்ளி நான்.

"பூஜைக்கு ஈரத்துணி போட்டுப் பின்னாடி தொடச்சது நான்தான் சார். அப்பதான் வுழுந்திருக்கும், பெருக்கினதுல போயிருக்கும். பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"சரி, விடு கதிர். வயசாச்சுல்ல" என்றார் சார்.

நான் வாயைத் திறந்தேன். சார் என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

வெட்கமாக இருக்கிறது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்: நான்தான். நான்தான் போட்டேன்.

அக். 18, சனி

விடாத மழை. லாரி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. ஏற்றுவதற்கு முன் அண்ணன் ஒரு தடவை துடைத்தார். எடைக்குப் போகிறதை எதற்குத் துடைக்க வேண்டும்?

தீபாவளிக்குப் பிறகு அவருக்கு கேட்டில் வாட்ச்மேன் வேலையாம். "உக்காந்த எடத்துல வேலை, உனக்கு நல்லதுதான்" என்று சார் சொன்னார்.

சொல்லிவிடலாம் என்று கிட்டே போனேன். அதற்குள் அவர்: "நீ இன்னா பண்ணுவ பாப்பா. ஒரு வாரமா சாப்புடக்கூட எந்திரிக்கல நீ." இதற்குத் திட்டியிருக்கலாம்.

அக். 22, புதன்

தூறல். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இன்று சொல்லியே தீருவது என்று முடிச்சூரில் முடிவு செய்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தேன்.

கேட்டில் கதிர் அண்ணன். நீல யூனிஃபார்ம், தோளில் தொளதொளவென்று. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"குட் மார்னிங் மேடம்" என்று ரெஜிஸ்டரை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். உள்ளே போய்விட்டேன்.