கிரில் சாவி

அன்பு மகளே,

உன் அண்ணன் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது வாசல் கிரில் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவான். எனக்கு மறதியாம். ரிப்பேருக்கு என்று எடுத்துப்போன என் கைப்பேசி இன்னும் வரவில்லை.

நேற்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, நான் எழுதிய லாபிஸ் ஊர்ப் பேய் பங்களாக் கதைப் புத்தகத்தோடு இந்தப் பெர்மாஸ் ஜெயா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கிரில் கம்பிகளுக்கு இடையே கைவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

“ஆண்ட்டி, உங்க கதையில ரூம்ல மாட்டிக்கிட்ட பொண்ணு ஏன் தானா வெளிய வர்றதில்ல? எப்பவும் வேற யாராவது வந்துதான் தொறக்குறாங்க.”

“சாவி உள்ள இருக்காதுலா,” என்றேன்.

இன்றும் வருவதாகச் சொன்னாள். இதைத் தபாலில் சேர்க்க அவளிடம் கொடுப்பேன்.

தீபாவளிக்கு வருகிறேன் என்றாய். அவ்வளவு நாள் தாமதிக்காதே. கிரில் சாவி ஒன்று உன்னிடமும் இருக்கிறது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உன் அம்மா