இடது நாலாம் அறை

ஆகஸ்ட் 4, 2025. திங்கள்

இடது நாலாம் அறையில் நாற்பத்தொரு இழுப்பு. சனிக்கிழமை முப்பத்தாறு.

எங்கள் நீர்விமானத்தின் அடியில் இருக்கும் இரண்டு மிதவைகளில், மிதவைக்கு ஆறாகப் பன்னிரண்டு அறைகளிலும் கைப்பம்பு வைத்து, முந்தின நாள் கசிந்த தண்ணீரை இழுத்தெடுத்து, எத்தனை இழுப்பு என்று எழுதிவைப்பதில்தான் என் காலை விடிகிறது. மற்ற பதினோரு அறைகளும் இரண்டு மூன்று இழுப்பிலேயே காற்றைத் துப்பிவிடும். இது மட்டும் ஹூக்ளியில் பாதியைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் எங்கள் பைலட் கேப்டன் உத்தமனின் திருக்கைங்கரியம். விமானத்தைத் தண்ணீரில் இறக்கு என்றால் போட்டு உடைக்கிறார். நேவியில் இருந்தாராம். அங்கே சமையல்கட்டில் இருந்தாரோ என்னவோ.

இன்றும் ‘கடின இறக்கம்’ என்று ரிப்போர்ட் எழுதினேன். டிசம்பரிலிருந்து இது நாலாவது. எழுத எழுத மனதுக்கு நன்றாகவே இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

மேனேஜர் பத்மநாபன் அலிப்பூர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். துறைமுக வேலைக்கு வந்த அப்பாவோடு இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தமிழ் பேச ஆரம்பித்தால் நடுவில் வங்காளம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“ஆர் நா, மாதங்கி. ஒட்டுப் போட்டது போதும். ஃப்ளோட் ரெண்டையும் மாத்திடலாம். எது வாங்கணும்னு நீங்களும் கேப்டனும் பேசி, ஒரே காகிதத்துல எழுதிக் குடுங்க. ரெண்டு கையெழுத்து வேணும்.”

நானும் அவரும். ஒரே காகிதத்தில்! ஒரே ஷேர் ஆட்டோவில்கூட ஏற மாட்டோம்.

யாராவது கேட்டால் காரணம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், வால்பக்கக் கேபிள் ஒன்று பிசிறியிருந்ததால் விமானத்தை ஒருநாள் நிறுத்திவைத்தேன். பயணிகள் எட்டுப் பேர் நிற்கும்போது இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே, “எங்க இன்ஜினியரம்மாவுக்குக் கொஞ்சம் பயமுங்க” என்றார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அந்த எட்டு முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

பத்மநாபன் தன் பங்குக்கு ஒரு வண்ணப் புத்தகம் அனுப்பியிருக்கிறார். ஃபைபர் நாரிழை மிதவை. பளபள. “கி ஷுந்தோர்!” என்று கூடவே ஒரு மெசேஜ். அழகாகத்தான் இருக்கிறது. துர்கா பூஜை விசர்ஜன் முடிந்ததும் இந்த ஆற்றில் மிதந்துவரும் பிரதிமைகளின் மூங்கில் சட்டம் ஒன்று இடித்தால் உள்ளே விரிசல் ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. அதை ஒட்டுவதற்கு ஈரமில்லாத அறை வேண்டும். கொல்கத்தாவில், மழைக்காலத்தில், ஈரமில்லாத அறை! டாக்குரியாவில் என் வீட்டில் உப்பு ஜாடியே அழுதுகொண்டிருக்கிறது.

என் தேர்வு தெளிவு. சக்கரமில்லாத அலுமினிய மிதவை. ஏதாவது ஏரியில் ஓடி, உப்பே பார்க்காத பழைய ஜோடி. அடி வாங்கினால் தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம். விமானத்தின் எடை நூறு என்றால் மிதவைகள் நூற்றெண்பது தாங்க வேண்டும் என்பது விதி. கணக்குப் போட்டேன், தாராளமாகத் தாங்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கூட்டு யோசனையாம். இரண்டரை மணி நேரம் ஒரு மேஜையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து குரைத்துக்கொண்டோம்.

அவருக்குச் சக்கரம் வைத்த மிதவை வேண்டும். தண்ணீரிலும் இறங்கலாம், தரையிலும் ஓடலாம், கரைச் சரிவில் தானாகவே ஏறிவிடும். அந்த எடைக்கு இரண்டு பயணிகளை இறக்கிவிட்டுத்தான் பறக்க வேண்டும் என்றேன். இந்தச் சேற்றில் சக்கரத்தை மடக்கும் இயந்திரம் ஒரு வருஷம் தாங்காது என்றேன். இரண்டும் நியாயமான பேச்சு. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“சக்கரத்தை மடக்க மறந்து தண்ணியில எறங்கினா விமானம் குப்புறக் கவுந்துடும், கேப்டன். உங்களை நம்பி அதை மாட்ட நான் தயாரா இல்ல.”

மனுஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. கோயம்புத்தூர்க்காரர், கோபம் வந்தால் மரியாதை கூடும்.

“ஏனுங்க, ஃப்ளோட்டு ஓட்டையாகறது நான் எறக்கறதுனால இல்லீங்க. தெனமும் சாயங்காலம் அந்த வண்டியில வெச்சு மேல இழுக்கறீங்களே, அதுல என்னமோ இருக்குதுங்க. சக்கரம் இருந்தா அந்த வண்டியே வேண்டாமுங்க.”

அந்த வண்டி! போன நவம்பரில் நான் உட்கார்ந்து வரைந்து, வெல்டர் பக்கத்திலேயே நின்று செய்து வாங்கிய ட்ராலி. அதற்கு முன் விமானம் ராத்திரி பூராவும் ஆற்றிலேயே கட்டிக் கிடந்து ஊறியது. இப்போது மிதவைகளை ட்ராலியின் ரப்பர் கட்டைகள் மேல் உட்காரவைத்து, வின்ச் போட்டுச் சரிவில் இழுத்து, காய்ந்த தரையில் நிறுத்துகிறோம். நான் இந்தக் கம்பெனிக்குச் செய்த ஒரே நல்ல காரியம். அதன்மேல் கை வைக்கிறார்.

சிரித்தேன். நன்றாகச் சத்தமாக, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி.

ஆகஸ்ட் 12

கையெழுத்துப் போட மாட்டாராம். நானும்தான்.

ஆகஸ்ட் 16, சனி

மழை விட்டது. ஒரே ஒரு பயணம். படகுத்துறையில் போனோடு நின்றேன். அவர் தடாலென்று இறக்குவதை வீடியோ எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

வெண்ணெயில் கத்தி வைத்த மாதிரி இறங்கினார்.

யாராவது பார்க்கிறார்கள் என்றால் எல்லாரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். வீடியோவை அழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாலு ரிப்போர்ட்டையும் பத்மநாபன் எடுத்துவைத்துக்கொண்டு விட்டார். 29-ஆம் தேதி விசாரணை. “மாதங்கி, நாலு தடவை ஹார்ட் லேண்டிங்னா நான் என்ன கோரபோ, சொல்லுங்க? காண்ட்ராக்டை முடிக்கணும். மேல இடத்துக்கும் அனுப்பணும்.” அதாவது உத்தமன் வீட்டுக்கு. ஐம்பத்திரண்டு வயதில், அந்தக் காகிதத்தோடு, வேறு எவனும் விமானத்தைக் கையில் கொடுக்க மாட்டான். அவர் போய்விட்டால் இரண்டாவது கையெழுத்தும் தேவையில்லை. என் மிதவைதான்.

வரும் வழியில் கிடர்பூரில் இறங்கி பிரியாணி சாப்பிட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட விருந்து.

ஆகஸ்ட் 21

விசாரணை வரைக்கும் பறப்பு இல்லை என்பதால் பழைய மிதவைகளைக் கழற்றியாயிற்று. நாளை கவிழ்த்துப் போட்டு, அடிவயிற்றைப் படம் பிடித்து, விசாரணைக்கு ஆதாரமாக வைக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எப்படி எழுதுவது?

வின்ச் பார்க்கும் இஸ்மாயில் பாயும் நானுமாக இடது மிதவையைக் கவிழ்த்தோம். நாலாம் அறையின் அடித்தகடு உள்வாங்கியிருந்தது. ஓரத்தில் ரிவெட்டுகள் தளர்ந்து, ஒரு மயிரிழைப் பிளவு. தண்ணீரில் மோதியது என்றால் மிதவையின் அடி படிபோல் மடியும் இடத்தில் நெளியும், விமானத்தோடு இணைக்கும் தாங்குகம்பி சேருமிடத்தில் நெளியும். இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. பள்ளம் மட்டும் நீள்சதுரம். பேப்பரில் ஸ்கேல் வைத்து வரைந்தது போல் நாலு மூலை. அதில் கறுப்பாக ரப்பர் ஒட்டியிருந்தது.

ட்ராலியிடம் போய்க் கட்டையை அளந்தேன். அதே நீளம். அதே அகலம்.

கட்டைகள், அறைக்கும் அறைக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவருக்கு நேர் கீழே வர வேண்டும். அங்கேதான் மிதவைக்கு பலம். வலது பக்கம் அப்படித்தான் வருகிறது. இடது பக்கம் பின் கட்டை ஒரு சாண் தள்ளி, வெறும் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெல்டர் அந்தப் பக்கச் சட்டத்தை முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறான். அவனைச் சொல்லி என்ன? வலது பக்கத்தை நான்தான் அளந்தேன். இடதுக்கு, “அந்தப் பக்கமும் இதே மாதிரி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்து, அளக்காமல், கையெழுத்துப் போட்டேன்.

ட்ராலியில் நிற்கும்போது பள்ளத்தைக் கட்டை மறைத்தது. ஆற்றில் இருக்கும்போது தண்ணீர் மறைத்தது. பம்புக் கணக்கை எடுத்துப் புரட்டினேன். நவம்பர் வரைக்கும் அந்த அறையில் இரண்டு, மூன்று, இரண்டு. ட்ராலி வந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறுகிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒன்பது மாதமாக நானே எழுதி நானே பார்க்கவில்லை.

பார்க்கவில்லையா? பார்க்கப் பிடிக்கவில்லையா?

இஸ்மாயில் பாய் கட்டையையும் பார்த்தார், பள்ளத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“கட்டைய நகட்டிரலாமா மேடம்? அரை மணி வேலதான். ஸ்பானர் கொண்டாரவா?”

கொண்டுவரச் சொன்னேன். அவர் பாதி தூரம் போனதும் வேண்டாம் என்று கத்தினேன். மழை வந்துவிட்டது. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23

அவமானம் ஒரு பக்கம். அதைவிடப் பயம். என் லைசென்ஸ்மேல் நானே மண்ணை அள்ளிப் போடுவதா? அதுவும் யாருக்காக, அந்த ஆளுக்காக? எட்டுப் பேர் முன்னால் என்னைச் சிரிப்பாய்ச் சிரிக்கவைத்தவனுக்காக?

இரண்டு ஸ்பானர். அரை மணி நேரம். புது மிதவை நல்லபடியாக ஓடும். ‘பைலட் மாறினார், கசிவும் நின்றது’ என்று எல்லாரும் சொல்வார்கள். என்னைப் பாராட்டக்கூடச் செய்வார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இஸ்மாயில் பாய் வாய் திறக்க மாட்டார். யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 26

தெரியாமல் போய் டீக்கடையில் உத்தமனிடம் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தார். பேச மாட்டார் என்று நினைத்தேன்.

“ஆறு கம்பெனிக்கு எழுதிப் போட்டேனுங்க. அந்த நாலு காயிதம் என்னன்னு கேக்கறாங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க. ஃப்ளோட்டு உங்க இஷ்டம்போல வாங்கிக்கங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் தடால்னு எறக்குனதை நீங்க ஒரு தடவையாச்சும் கண்ணால பாத்தீங்களா?”

“வேலை இருக்கு கேப்டன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இல்லை. பார்த்ததில்லை. ஒரு தடவைகூட இல்லை. கசிவைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், எழுதிவிட்டேன். இந்த ஆளை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத ஆள் செய்யாத தப்புக்குப் போகிறான். அதுவும் நான் செய்ததற்கு. சே.

ஆகஸ்ட் 29, வெள்ளி

படங்களை மேஜையில் வைத்தேன். பள்ளம், பக்கத்தில் ரப்பர் கட்டை, பம்புக் கணக்கு. ராத்திரி பூராவும் பணிவாகப் பேசிப் பழகியிருந்தேன். வாயில் வந்தது வேறு.

“கேப்டன் மேல எனக்கு மரியாதை கிடையாது. அது வேற விஷயம். இந்த ஓட்டை அவர் போட்டதில்ல. நான் போட்டது. ட்ராலியோட இடது பக்கத்தை நான் அளக்கவே இல்ல.”

பத்மநாபன், “ஹே போகோபான்” என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உத்தமன் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நிதானமாகப் பார்த்து, அடுக்கி வைத்தார். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

“நாலு காயிதத்தையும் வாபஸ் வாங்கோணுமுங்க. ஏன் வாங்கறீங்கன்னும் எழுதோணும். இப்பவே, இங்கயே.”

நாலு தடவை எழுதினேன். மூன்றாவதை எழுதும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, “மன்னிச்சிடுங்க” என்றேன்.

“அது எனக்கு வேண்டாமுங்க.”

செப்டம்பர் 3

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மூன்று மாதத்துக்கு என் கையெழுத்தின்மேல் வெளியாள் ஒருவர் மறு கையெழுத்துப் போடுவார். லைசென்ஸ் தப்பியது. எந்த மிதவை என்பதை உத்தமனே முடிவு செய்யட்டும் என்று பத்மநாபன் சொல்லிவிட்டார். சக்கரம் வரப் போகிறது. அந்தச் சனியனை மாட்டத் தயாராகிவிட்டேன்.

மாலையில் அவர் எழுதிய காகிதம் வந்தது. இரண்டே வரி. ‘சக்கரமில்லாத அலுமினியம், பழைய ஜோடி போதும். ட்ராலியை தினமும் நானே அளப்பேன்.’ ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன்.

“சக்கரம் கேட்டதே அந்த வண்டிக்குப் பயந்துட்டுத்தானுங்க. வண்டி சரியாச்சுன்னா எனக்கு ரெண்டு பயணியைக் கூடுதலா ஏத்தலாம். உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க.”

நினைக்கவில்லை. சட்டத்தைக் கழற்றித் திருப்பி வைத்தோம். அரை மணியில் முடியவில்லை, நாள் பூராவும் ஆயிற்று. நாலு தடவை அளந்தேன்.

டிசம்பர் 15

புது மிதவைகள் கிடர்பூர் துறைமுகத்தில். சுங்கத்தில் ஒருவர் இவை படகா விமானமா என்று கேட்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். அவரை அந்த ஆற்றிலேயே மிதக்கவிடலாம்.

பிப்ரவரி 11, 2026. புதன்

புது மிதவைகளோடு முதல் நாள். மூன்று பயணம், மூன்றும் பழுதில்லை. சாயங்காலம் ட்ராலியில் ஏற்றி மேலே கொண்டுவந்ததும் உத்தமன் டேப்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் சொட்டிய தரையில் மல்லாந்து கீழே நுழைந்தார். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். இஸ்மாயில் பாய் வின்ச்சில் இருந்தார். நான் போய்ப் படுத்தேன். அவருடைய சட்டையில் டீசல் நாற்றம். என்னுடையதிலும் அதேதான் இருந்திருக்கும்.

இடது பக்கம், சட்ட முனையிலிருந்து பின் கட்டை வரை. எண் இருக்கும் முனை என் கையில் இருந்தது.

“எவ்வளவுங்க?”

“முந்நூத்திப் பன்னெண்டு மில்லிமீட்டர்.”

அவர் எழுதவில்லை. முனைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினார். மாற்றிக்கொண்டோம். கண்ணாடியைப் போட்டு, டார்ச் அடித்து, தானே படித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு. அப்புறம்தான் எழுதினார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு இருவரும் வலது பக்கத்துக்கு நகர்ந்தோம். அதையும் அளந்தோம்.