தவநாயகி அக்காவின் குளிசை

லண்டன்
12.11.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கொழும்புத் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் விட்டுவிட்டதா?

இங்கே ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு டொக்டரிடம் வரும் தமிழர்களுக்கு நான் மொழிபெயர்க்கிறேன் அல்லவா? புது மருந்தென்றால் தலை சுற்றுமா, வயிறு எரியுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நேற்று தவநாயகி அக்கா வேறொன்று கேட்டார். பிரஷர் குளிசை தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் அவருக்குத் தெளிவான கனவுகள் வருகின்றனவாம். அது பக்க விளைவுதான், வேறு குளிசை தரலாம் என்றார் டொக்டர்.

"மாத்தினால் கனவு நிண்டிடுமோ, பிள்ளை?"

"ஓம் அக்கா, நிண்டிடும்."

"அப்ப வேண்டாம். கடலுக்குப் போய்த் திரும்பி வராத என்ர மனிசன் ஏழு வருசத்துக்குப் பிறகு இப்பதான் கனவில வாறார். ஈரத் தலையோட பக்கத்தில இருந்து தேத்தண்ணி கேக்கிறார்."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டர் அக்காவின் பிரஷரை இன்னொருமுறை அளந்து பார்த்தார். பிறகு, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று அதே குளிசையை எழுதிக் கொடுத்தார். அக்கா சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் திரும்பி வந்த பஸ், மழையில் தண்ணீருக்கு அடியில் போவதுபோல மெல்லப் போனது.

எனக்குக் கனவே வருவதில்லை, அத்தான். இங்கே யாராவது வந்தால் உங்கள் குரலை ஒரு கசற்றில் பதிந்து கொடுத்துவிடுங்கள். என்ன பேசினாலும் சரி.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

வசந்தமலர்